பாடம் நடத்துபவருக்கு மே மாதச் சம்பளம் இல்லை!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து திருவண்ணாமலையில் பெற்றோர்களின் பேச்சு ஒன்றுதான். பெண்ணுக்கு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கிடைக்குமா, பையனுக்கு பி.காம். காலை ஷிஃப்ட்டா மதிய ஷிஃப்ட்டா, செங்கத்திலிருந்து பஸ் எத்தனை மணிக்கு, ஹாஸ்டலில் இடம் இருக்குமா, படித்து முடித்தால் வேலை உண்டா... எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், அப்ளிகேஷன் போடும் நேரத்தில் அநேகமாக யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. 'என் பிள்ளைக்குப் பாடம் நடத்தப்போகிறவர் யார்? மூன்று வருஷமும் அவர் இருப்பாரா?'

இந்த வாரம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் வீட்டுக்கும் இது தேவை. 'நானும் பிஹெச்.டி. முடித்து லெக்சரர் ஆகப்போகிறேன்' என்று சொல்லும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

கதவு திறந்த கதை

திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி 1966-ல் தொடங்கியது. இன்று அதற்குக் கலைஞர் கருணாநிதி பெயர். அடுத்த ஆண்டே செய்யாறிலும் ஓர் அரசு கலைக் கல்லூரி வந்தது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் டிகிரி படிக்க வேலூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். போக முடியாதவர்கள் பள்ளிக்கூடத்தோடு நின்றார்கள். பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்றைக்குக் காலை பஸ்களைப் பாருங்கள். தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், போளூர் பக்கத்திலிருந்தும், ஜவ்வாது மலை ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்ட்டில் ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

இதன் பலன் கணக்கிலேயே தெரிகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவிகிதம். இந்திய அளவில் அது 28.4தான். இதில் நாம் பெருமைப்படலாம். இத்தனை பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். வகுப்பறைக்குள் அவர்களுக்காகக் காத்திருப்பவரின் நிலைமை என்ன?

பெயரில் மட்டும் கௌரவம்

தமிழ்நாட்டில் 160-க்கும் மேற்பட்ட அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். நிரந்தரப் பணியிடங்கள் காலியாக இருப்பதால் தாற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் இவர்கள். 'தாற்காலிகம்' என்று எடுக்கப்பட்ட சிலருக்கு இப்போது 10 வருஷம், 15 வருஷம் ஓடிவிட்டது.

2025 நிலவரப்படி இவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். கல்லூரிக்கு விடுமுறை விடும் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆக, ஒரு வருஷத்துக்கு 2,75,000 ரூபாய். அதே வகுப்பில், அதே பாடத்தை நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு வேலையில் சேரும் நாளிலேயே அடிப்படைச் சம்பளம் மட்டும் மாதம் 57,700 ரூபாய். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இப்படி வெளியிலிருந்து வந்து பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. நம் ஊரில் கிடைப்பது அதில் பாதி. இதற்காகத்தான் அவர்கள் அடிக்கடி வாயில் முழக்கப் போராட்டம் நடத்துகிறார்கள். நீதிமன்றப் படியும் ஏறியிருக்கிறார்கள்.

இவர்கள் தகுதி குறைந்தவர்கள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். பலர் பிஹெச்.டி. முடித்தவர்கள். தேசிய அளவிலான நெட், மாநில அளவிலான செட் தேர்வுகளில் தேறியவர்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகளைப் போலவே கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாக டிகிரி வாங்கியவர்கள். அதனாலேயே பிள்ளைகள் இவர்களிடம் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். 'சார், வீட்டுல கல்யாணத்துக்குப் பார்க்கிறாங்க, நான் எம்.எஸ்ஸி. படிக்கணும்' என்று ஒரு பெண் முதலில் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் ஆசிரியரிடம்தான்.

இதில் பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

'சம்பளம் குறைவு என்பது அவர்கள் பிரச்னை. வகுப்பு ஒழுங்காக நடந்தால் சரிதானே?' என்று கேட்கலாம். வகுப்பு நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. வகுப்பு முடிந்த பிறகு நடக்க வேண்டியவைதான் விடுபட்டுப் போகின்றன.

அப்பா அம்மா கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தைவிட முக்கியமானது, 'அடுத்து என்ன?' என்று சொல்ல ஓர் ஆள். பி.எஸ்ஸி. படிப்பவர் 'ஜாம்' என்ற தேர்வை எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்கலாம். 'க்யூட் பி.ஜி.' எழுதினால் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலோ, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ சேரலாம். இதற்கெல்லாம் கடைசி வருஷம் தொடங்கியதுமே தயாராக வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். செங்கத்துப் பிள்ளைக்கு ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

25,000 ரூபாயில் குடும்பம் நடத்தும் ஆசிரியர் மாலையில் டியூஷன் எடுக்க ஓடுவார். அல்லது தானே அடுத்த போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நடுவில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். இரண்டாம் வருஷம் உங்கள் பெண்ணின் திறமையைக் கண்டுபிடித்த ஆசிரியர், மூன்றாம் வருஷம் அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத அங்கே இருக்க மாட்டார்.

ஆராய்ச்சிப் படிப்பில் இந்த நஷ்டம் இன்னும் நேரடியாகத் தெரியும். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி நிரந்தர ஆசிரியர்கள்தான் பிஹெச்.டி. வழிகாட்டியாக இருக்க முடியும். அதிலும் ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் எடுத்துக்கொள்ளலாம். நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகக் கிடந்தால் குறைந்தது 4 பிள்ளைகளின் ஆராய்ச்சி இடமும் சேர்ந்து காலி. அது எந்தக் காலிப்பணியிடப் பட்டியலிலும் வராது.

ஆஸ்திரேலியாவிலுமா?

'இதெல்லாம் நம்ம ஊர் கதை, வெளிநாட்டில் இப்படி இருக்காது' என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் பிள்ளைகள் கடன் வாங்கிப் படிக்கப் போகும் நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. அங்கே புகழ்பெற்றது மெல்போர்ன் பல்கலைக்கழகம். அங்கும் பாடம் நடத்துவதிலும் பேப்பர் திருத்துவதிலும் பெரும் பங்கைச் செய்பவர்கள் 'கேஷுவல்' ஆசிரியர்கள். வேலை இருக்கும் மணிக்கு மட்டும் கூலி.

பேப்பர் திருத்த உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று பார்க்காமல், 'இத்தனை வார்த்தைக்கு இவ்வளவு நேரம்' என்று பல்கலைக்கழகமே கணக்குப் போட்டுப் பணம் கொடுத்து வந்தது. ஊழியர்களும் சங்கமும் விடாமல் கேட்டார்கள். 2024 டிசம்பரில், 25,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் குறைத்துக் கொடுத்த சம்பளத்தை வட்டியோடு திருப்பித் தர அந்தப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. மொத்தம் 7.2 கோடி ஆஸ்திரேலிய டாலர். நம் பணத்தில் 380 கோடி ரூபாய்க்கு மேல்!

பணக்கார நாட்டிலும் நோய் ஒன்றுதான். ஆனால், அங்கே இரண்டு விஷயங்கள் நம்மிடமிருந்து வேறுபடுகின்றன. ஒன்று, தவறு நடந்தால் கணக்குக் கேட்க அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு, பாடம் எப்படி இருக்கிறது, ஆசிரியர் உதவுகிறாரா, படிப்புக்கான வசதிகள் உண்டா என்று வருஷா வருஷம் மாணவர்களிடமே கேட்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பைப் பற்றி மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் 'நாக்' தரச் சான்று தரும்போது மாணவர்களிடம் திருப்திக் கருத்துக் கணிப்பு நடத்துகிறார்கள். இமெயிலில் வரும் அந்தக் கேள்விகளை எத்தனை பிள்ளைகள் திறந்து பார்க்கிறார்கள்? எத்தனை பேர் 'எல்லாம் சூப்பர்' என்று டிக் அடித்துவிட்டு நகர்கிறார்கள்?

நீளும் வரிசை

இவ்வளவு கஷ்டம் இருந்தும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான வரிசை குறையவில்லை. இந்தியாவில் பிஹெச்.டி. படிப்பவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம் பேர். 2021-22-ல் அது 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏழு வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

விதிகளும் அடிக்கடி மாறின. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக 2021 ஜூலையிலிருந்து பிஹெச்.டி. கட்டாயம் என்று 2018-ல் சொன்னார்கள். பிறகு 2023 வரை தள்ளிவைத்தார்கள். 2023-ல், 'நெட், செட் போதும், பிஹெச்.டி. கட்டாயமில்லை' என்று மாற்றினார்கள். இதற்கு நடுவில் 2022-ல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்கள். 'கட்டாயமாம்' என்று கேள்விப்பட்டு அவசர அவசரமாகச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

வேலைவாய்ப்பு? ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அந்தத் தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் புதிய அறிவிப்பு வந்தபோது இடங்கள் 2,708. இப்படி ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவரின் முப்பதுகள் கரைந்துவிடுகின்றன. பெண்ணாக இருந்தால் கல்யாணம், குழந்தை, மாமியார் வீட்டின் கேள்விகள் எல்லாம் அதற்குள்தான் வருகின்றன. 'இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கா' என்று உறவினர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் ஐந்து வருஷ உழைப்பு அடிபட்டுப் போகும்.

அதற்காக 'பிஹெச்.டி. வேண்டாம்' என்று சொல்லவில்லை. நம் கிராமங்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வர வேண்டும். ஜவ்வாது மலையின் செடிகளைப் பற்றியும், ஆரணி நெசவாளர்களின் வாழ்க்கையைப் பற்றியும், கிரிவலப் பாதையில் நிலத்தடி நீர் என்ன ஆகிறது என்பதைப் பற்றியும் இந்த மண்ணின் பிள்ளைகள் ஆராய்ந்தால் அதன் ருசியே தனி. தெரிந்துகொண்டு சேருங்கள் என்பதுதான் கோரிக்கை.

சேர்வதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு தேறினால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் (2023 ஜனவரி முதல்), பிறகு 42,000 ரூபாய். தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். இதற்குத் தனித் தேர்வு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பிள்ளைகள் முழுநேரமாகப் படித்தால் மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. வீட்டுக்கு ஒரே பெண் குழந்தை என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் யு.ஜி.சி. உதவித்தொகை இருக்கிறது. இவற்றில் எதுவும் இல்லாமல் சேர்ந்தால், வீட்டில் யார் எத்தனை வருஷம் தாங்குவார்கள் என்று முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

2. எத்தனை வருஷம் ஆகும்? விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருஷம் கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 வருஷச் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை பராமரிப்புக்கும் மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இது சலுகை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, விதியிலேயே இருக்கிறது.

3. வழிகாட்டி யார்? அவரிடம் படித்து முடித்தவர்களைத் தேடிப் பேசுங்கள். எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேளுங்கள். 'சோத்கங்கா' என்ற இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் செல்போனிலேயே வழிகாட்டியின் பெயரைப் போட்டுத் தேடினால், அவருடைய மாணவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! ஐந்து வருஷம் கூடவே வரப்போகிறவரைப் பற்றி நான்கு பேரிடமாவது விசாரிக்க வேண்டாமா?

4. ஆய்வுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறார்களா? 'இத்தனை ஆயிரம் கொடுத்தால் பத்து நாளில் வெளியிடுகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பத்திரிகைகளை நம்பாதீர்கள். 2022 விதிமுறையில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. ஆசிரியர் வேலை கிடைக்காவிட்டால்? இந்தக் கேள்வியைக் கேட்டாலே 'அபசகுனமா பேசாதே' என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். கெமிஸ்ட்ரி படித்தவருக்கு மருந்துக் கம்பெனி, பரிசோதனைக் கூடம். புள்ளியியல் படித்தவருக்கு டேட்டா வேலை. தமிழ் படித்தவருக்குப் பதிப்பகம், மொழிபெயர்ப்பு. இரண்டாவது வழி ஒன்று கையில் இருந்தால் முதல் வழியில் தைரியமாக நடக்கலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது

கல்லூரியில் சேர்க்கும்போதே கேளுங்கள்: 'இந்தத் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள்? எத்தனை இடம் காலி?' சண்டைக்கு நிற்பது போல வேண்டாம், மரியாதையாகவே கேட்கலாம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் எழுதியும் கேட்கலாம். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போகும் நாம், கல்லூரி என்றதும் 'அவங்களே பார்த்துக்குவாங்க' என்று விட்டுவிடுகிறோம். எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது ரோடு, தண்ணீரோடு கல்லூரிக் காலிப்பணியிடத்தையும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று. கருத்துக் கணிப்பு வந்தால் உண்மையை எழுதுங்கள். லேபில் பொருள் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். ஒரு ஆசிரியர் உங்களுக்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கினார் என்றால் அதையும் எழுதுங்கள்.

கௌரவ விரிவுரையாளர் ஒருவர் சொல்லித்தான் உங்களுக்கு ஒரு தேர்வு தெரிந்தது, ஒரு மேற்படிப்பு கிடைத்தது என்றால், அவருக்கு ஒரு போன் செய்து 'சார், சேர்ந்துட்டேன்' என்று சொல்லுங்கள். மே மாதமாகப் பார்த்துச் செய்தால் இன்னும் நல்லது. அந்த மாதத்தில் அவருக்கு வேறு எதுவும் வராது.